தலைவர் கொக்குக்கு உயரம் போதாது

போலீஸ் வரும் என்றுதான் மாரிச்செல்வம் நினைத்தான். கைலியைக் கழற்றிப் பேண்ட் போட்டுக்கொண்டான். செல்போனை முழுசாகச் சார்ஜ் ஏற்றினான். ஸ்டேஷனில் உட்கார வைத்துவிட்டால் சோறு தண்ணி கிடைக்காதே என்று புட்டும் கடலையும் வயிறு முட்டத் தின்றுவிட்டு, வாசலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தான். வந்தது தென்கடல் கலை மேம்பாட்டுப் பேரவையின் வெள்ளைக் கார். அதிலிருந்து இறங்கிய பெண் இரண்டு கையையும் நெஞ்சில் வைத்துக்கொண்டு, "சேட்டா, அந்தக் கொக்குப் படம் நீங்க செஞ்சதா? அடிபொளி!" என்றாள்.

அவன் செய்த குற்றம் என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மாரியின் அக்கா கற்பகம் சுக்குக் கிடங்கில் வேலை பார்க்கிறவள். மட்டாஞ்சேரியில் பஜார் ரோட்டை ஒட்டி, பின்பக்கம் காயலைப் பார்த்த மாதிரி பழைய கிடங்கு அது. நடுவில் ஒரு பெரிய முற்றம். அங்கே சுக்கைக் காயப்போட்டு, முறத்தில் புடைத்து, நல்லது சொத்தை பார்த்துப் பிரித்து மூட்டைக்கு அனுப்புவது பெண்களின் வேலை. பாதிப் பேர் கற்பகத்தைப் போலக் கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பங்கள், மீதிப் பேர் இந்த ஊர்க்காரிகள். கல்யாணத்துக்கு முன்னால் அந்த முற்றத்தில் உட்கார்ந்தவள் கற்பகம். அவளுடைய மகள் இப்போது நர்ஸிங் படிக்கிறாள். படிக்க வைத்தது அந்தச் சுக்குதான்.

அந்தக் கிடங்கைப் பேரவை வாடகைக்கு எடுத்தது. 'இயற்கையும் மனிதனும்' என்று ஒரு மாபெரும் கண்காட்சி நடத்தப் போகிறார்களாம். வாசல் கதவில் நோட்டீஸ் ஒட்டினார்கள். முற்றத்தில் நடைபெறும் சுக்கு சம்பந்தப்பட்ட நடவடிக்கைகளால் பார்வையாளர்களுக்குத் தும்மல் ஏற்படும் வாய்ப்பு இருப்பதாலும், தும்மல் கலை அனுபவத்தைக் குலைக்கும் என்பதாலும், பெண்கள் மாத முடிவுக்குள் முற்றத்தைக் காலி செய்ய வேண்டும் என்று அதில் இருந்தது. இயற்கைக் கண்காட்சிக்கு இஞ்சி இடைஞ்சல்! இப்படி ஒரு நோட்டீஸ் எழுத என்ன படிப்புப் படிக்க வேண்டுமோ, எனக்குத் தெரியாது.

"ஏலே மாரி, நீதான் வரைவியே, என்னமாவது பண்ணுலே," என்றாள் கற்பகம். "அந்த முற்றம் போச்சுன்னா நாங்க எங்க போய் உக்காருவோம்? இந்த வயசுல எனக்கு எவன் வேலை குடுப்பான்?"

மாரிக்குத் தோப்பும்படி துறையில் மீன்பிடிப் போட்டுகளுக்குப் பெயர்ப்பலகை செதுக்கிப் பெயின்ட் அடிக்கிற வேலை. மிச்சம் விழுகிற பலகையில் உளியால் படம் செதுக்கி, மேலே மை உருட்டி, தாளை விரித்துக் கரண்டியின் முதுகால் தேய்த்து அச்சு எடுப்பது அவனுடைய கிறுக்கு. அவன் படத்தில் மனுஷன் வரவே மாட்டான். பறவை, பூச்சி, தவளை, செடி, அவ்வளவுதான். ஆனால் பார்த்த மாத்திரத்தில் அது யார் என்று சந்துக்கே தெரிந்துவிடும். முன்பு ஒரு தடவை, குப்பை அள்ள ஆள் அனுப்பாத வார்டு கவுன்சிலரைப் பெருச்சாளியாகச் செதுக்கித் தெரு முழுக்க ஒட்டிவிட்டான். மறுநாளே குப்பை வண்டி வந்தது. கவுன்சிலர் ரொம்ப நாள் அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. அன்றைக்குப் பிடித்தது மாரிக்கு ஒரு நம்பிக்கை: எப்பேர்ப்பட்ட ஆளுக்கும் வெட்கம் என்று ஒன்று உள்ளே இருக்கும், அதில் சரியாகக் குத்தினால் காரியம் நடக்கும். பாவம், கவுன்சிலரை மட்டுமே பார்த்தவன். பேரவையோடு மோதிப் பார்த்ததில்லை.

இந்த முறை கொக்குகள். கிடங்கைப் பார்வையிட வந்த பேரவைக்காரர்களை அவன் தள்ளி நின்று பார்த்து வைத்திருந்தான். பாசி படர்ந்த ஒரு குளம், கரையில் நாற்காலி போட்டுக் கொக்குகள் பொதுக்குழு நடத்துகின்றன. நடுவில் பொன்னாடை போர்த்திய கொக்கு கைக்கடிகாரத்தைப் பார்க்கிறது. பக்கத்தில் மூக்குக்கண்ணாடி போட்ட கொக்கு ஏதோ வாசிக்கிறது. ஓரத்தில் ஒரு நீர்க்காகம் இறக்கையை விரித்துக் காயவைத்தபடி சொற்பொழிவு ஆற்றுகிறது. எல்லோருக்கும் முன்னால் தட்டு, தட்டில் மீன். மேலே பேனரில் 'மீன்களின் நலன் குறித்த ஆலோசனைக் கூட்டம்'. விடியற்காலையில் கிடங்குச் சுவரெல்லாம் ஒட்டிவிட்டு வந்துதான் பேண்ட் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

காரில் வந்த பெண் அம்ருதா. பேரவையின் கியூரேட்டர். கண்காட்சியில் எதை எங்கே மாட்ட வேண்டும், அதற்கு என்ன அர்த்தம் என்று சொல்கிற வேலை. வயசு சின்னது, பேச்சு பெரிசு.

"நாங்க எல்லாத்தையும் எடுத்துட்டோம் சேட்டா," என்றாள்.

"கிழிச்சுட்டீங்களா?"

"ஐயோ! கிழிக்கறதா? சுவரோட காரையோட சேர்த்துப் பெயர்த்து எடுத்திருக்கோம். எல்லாத்துக்கும் பிரேம் போடணும். ஒண்ணு மட்டும் ஆடு பாதி தின்னுடுச்சு."

"அதுக்கென்ன, வேற அச்சு எடுத்துத் தாறேன்."

"வேண்டாம் வேண்டாம். அதுதான் இருக்கிறதிலேயே பெஸ்ட்! காலத்தின் தலையீடு!" என்றாள் அம்ருதா. அந்த ஆட்டை மட்டாஞ்சேரி பூராவும் தேடிக்கொண்டிருக்கிறார்களாம். கிடைத்தால் அதன் பெயரையும் படத்துக்குக் கீழே போட வேண்டுமாம்.

"மேடம், ஓரத்துல இறக்கையை விரிச்சிட்டு நிக்கிற நீர்க்காகம், அது நீங்கதான்," என்றான் மாரி. சொல்லாமல் விட்டால் பிறகு வருத்தமாக இருக்கும் என்று நினைத்தான்.

"அறியாம், எனக்குத் தெரியும்," என்று சிரித்தாள் அம்ருதா. "என் ஸ்டேட்டஸ்லயே வெச்சிருக்கேன். அம்மாவுக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு."

மாரிக்கு அப்போதே உள்ளுக்குள் ஏதோ சறுக்கியது. ஆனாலும், பெரிய ஆட்கள் இருக்கிறார்கள், அவர்களுக்காவது உறைக்கும் என்று காரில் ஏறினான்.

பேரவை அலுவலகத்தில் ஒரு நீள மேஜை. மேஜைத் தலைமாட்டில் தலைவர் ராசப்பன். ஏதோ ஒரு துறையில் பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர். எந்தத் துறை என்பது அவருக்கு மறந்துவிட்டது, பதவி மறக்கவில்லை. பக்கத்தில் மூக்குக்கண்ணாடி போட்ட செயலாளர் வெங்கிடேஸ்வரன், பாலக்காட்டுத் தமிழர். மினிட்ஸில் எழுதாமல் மனுஷர் தும்மக்கூட மாட்டார். சுற்றி மற்ற உறுப்பினர்கள். எல்லோருக்கும் முன்னால் தட்டு, தட்டில் மீன் கட்லெட். மாரி தன் படத்துக்குள்ளேயே நுழைந்துவிட்ட மாதிரி மிரண்டுபோய் நின்றான்.

தலைவர் படத்தைக் கையில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். "இந்த நடுவில இருக்கிற கொக்கு..." என்று இழுத்தார்.

வந்தது வரட்டும் என்று, "நீங்கதான் சார்," என்றான் மாரி.

"அது எனக்கு மனசிலாயி. வாட்ச் கண்டப்பவே மனசிலாயி. பக்ஷே," என்று தலைவர் கண்ணைச் சுருக்கினார், "செக்ரட்டரியோட கொக்கு என்னைக் காட்டிலும் உயரம் கூடுதல்தானே?"

வெங்கிடேஸ்வரன் எழுந்து நின்றுவிட்டார். "சார், சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியாது. நான் இவனை இன்னிக்குத்தான் பாக்கறேன், கேட்டேளா?" என்றார். ஸ்கேல் வந்தது. அளந்தார்கள். செயலாளர் கொக்கு அரை விரல் உயரம் கூடுதல் என்று நிரூபணமாயிற்று. செயலாளரே அதை மினிட்ஸில் எழுதினார். அன்று முழுக்க அவர் கொஞ்சம் குனிந்தே நடந்தார்.

மாரிக்குப் பொறுக்கவில்லை. "சார், உயரத்தை விடுங்க. தட்டுல இருக்கிற மீனைப் பாருங்க. அது எங்க அக்கா. அவகூட முற்றத்துல சுக்குப் பொறுக்குற பொம்பளைங்க. நீங்க அவங்களைத் தின்னுக்கிட்டே அவங்க நலனைப் பத்திக் கூட்டம் போடுறீங்க. அதைத்தான் செதுக்கியிருக்கேன்," என்றான்.

தலைவர் கட்லெட்டைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டினார். எல்லோரும் கைதட்டினார்கள். ஒரு உறுப்பினர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"'கலைஞர் தன் படைப்பை விளக்கினார், உறுப்பினர்கள் நெகிழ்ந்தார்கள்'னு போட்டுக்கறேன்," என்றார் வெங்கிடேஸ்வரன். "சரிதானே?"

"முற்றம் சார்?"

"அது 'இதர விஷயங்கள்'ல வரும்."

இதர விஷயங்கள் வருவதற்கு முன்னால் சாயாவும் பழம்பொரியும் வந்தன. தின்று முடித்ததும் கூட்டம் முடிந்துவிட்டது.

மறுநாளிலிருந்து தொல்லை ஆரம்பித்தது. தலைவர் கொக்கை உயர்த்த வேண்டும் என்று செயலாளர் ஆள் அனுப்பினார். செதுக்கி எடுத்த மரம் போனது போனதுதான், உளி பட்ட இடம் தாளில் வெள்ளையாகத்தான் விழும், அங்கே கொக்கை வளர்க்க முடியாது என்று மாரி சொல்லி அனுப்பினான். முடியுமா முடியாதா என்று ஆராய ஒரு துணைக்குழு போட்டார்கள். துணைக்குழு வந்து பலகையைத் தடவிப் பார்த்தது, மோந்து பார்த்தது, பலகையோடு போட்டோ எடுத்துக்கொண்டது. வெட்டிய மரம் திரும்ப முளைக்காது என்று அறிக்கை கொடுத்தது. அந்த அறிக்கையைப் புத்தகமாக அச்சடித்து வெளியீட்டு விழாவும் நடத்தினார்கள். கடைசியில், புதிதாகக் கதவு அளவுக்குப் பலாப்பலகை வாங்கி, எல்லாவற்றையும் முதலிலிருந்து செதுக்குவது என்று தீர்மானம் ஆயிற்று.

விஷயம் வெளியே கசிந்ததும், படத்தில் இடம் கிடைக்காதவர்கள் கிளம்பிவிட்டார்கள். பொருளாளர் வீட்டுக்கே வந்தார். "பருந்தாப் போட்டாலும் சரி, கழுகாப் போட்டாலும் சரி, என்னை விட்டுடாதே அப்பா. காக்கா மட்டும் வேண்டாம், எங்காத்துல ஒத்துக்கமாட்டா," என்று கையைப் பிடித்துக்கொண்டார். சட்ட ஆலோசகருக்குப் பாம்பாக வருவதில் ஆட்சேபணை இல்லை, படம் எடுத்த மாதிரி இருக்க வேண்டும், அவ்வளவே. குளத்தில் ரத்தம் உறிஞ்சுகிற அட்டை என்று ஒன்று உண்டாமே, அது யாருக்கும் ஒதுக்கப்படவில்லை என்றால் தனக்குத் தரலாம் என்று ஒருவர் போன் செய்தார். புரவலர் ஒருவர், இறால் ஏற்றுமதி செய்கிறவர், யானைதான் வேண்டும் என்றார்.

"சார், இது குளம். குளத்துல யானை எங்க வரும்?"

"குளத்தைப் பெரிசாக்கு," என்றார் புரவலர்.

ஒருத்தனுக்காவது, ஒரே ஒருத்தனுக்காவது கோபம் வரக் கூடாதா? மாரிக்கு அழுகை அழுகையாக வந்தது. பெருச்சாளிக் கவுன்சிலரை நினைத்தால் இப்போது மரியாதையாக இருந்தது. அந்த ஆளுக்கு உறைத்தது. ஒளிந்துகொண்டார். மனுஷன்!

மாத முடிவு நெருங்கியது. கற்பகம் தினமும் கேட்டாள், "என்னலே ஆச்சு, முற்றம் உண்டா இல்லையா?" கடைசியில் மாரி ஒரு முடிவுக்கு வந்தான். வெட்கம்தான் இல்லை, ஆசை இருக்கிறதே. அதை வைத்துக் காரியம் சாதிக்கலாம். நேரே தலைவரிடம் போனான்.

"சார், நீங்க சொல்றபடி எல்லாரையும் செதுக்குறேன். உங்களை எல்லாருக்கும் மேல உயரமாச் செதுக்குறேன். ஆனா அந்தப் பொம்பளைங்க முற்றத்துல உக்காந்து சுக்குப் பொறுக்கணும். அவங்களை எழுப்பக் கூடாது. சம்மதம்னா உளியை எடுக்குறேன்."

தலைவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "அத்தரயே உள்ளோ? அவ்வளவுதானா? உக்காரட்டும்! வாக்கு," என்று கையை நீட்டினார். அம்ருதா ஓடிவந்து அதைப் போட்டோ எடுத்தாள்.

மாரி அன்றைக்குக் கற்பகத்துக்கு ஹல்வா வாங்கிக்கொண்டு போனான். பிறகு லீவு சொல்லிவிட்டுச் செதுக்க உட்கார்ந்தான். தலைவர் தினமும் வந்து ஒரு பக்கமாகத் திரும்பி உட்கார்ந்து மூக்கைக் காட்டினார். கழுத்துக்கு நரம்பு, இறகுக்கு இறகு கோடு, பொன்னாடைக்கு ஜரிகை, யானைக்கு முகபடாம், பாம்புக்குப் படம். விரல் வீங்கிப்போகிற அளவுக்கு வேலை. எதிரியைச் செதுக்குகிறோம் என்பதே அவனுக்கு மறந்துவிட்டது. வேலை அவ்வளவு நன்றாக வந்துகொண்டிருந்தது.

திறப்பு விழாவுக்கு மாரியைப் புதுச் சட்டை போட்டு வரச் சொல்லியிருந்தார்கள். வாசலைத் தாண்டி முற்றத்துக்கு வந்தவன் அப்படியே நின்றான்.

பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். வாக்கு தவறவில்லை. எல்லோருக்கும் ஒரே மாதிரி ஜரிகைக் கரை போட்ட கசவுச் சேலை, தலையில் முல்லைப்பூ, கையில் புது முறம். சுற்றி ஒரு கயிறு கட்டியிருந்தது. கயிற்றில் தொங்கிய அட்டையில், 'கற்பகமும் பிறரும். சுக்கு, முறம், உழைப்பு. தயவுசெய்து தொட வேண்டாம்' என்று எழுதியிருந்தது. வெள்ளைக்காரர் ஒருவர் கயிற்றுக்கு வெளியே முட்டிபோட்டு அவர்களைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்.

மாரி கயிற்றைத் தாண்டி அக்காவிடம் போனான். முறத்தில் இருந்த சுக்கு பளபளவென்று இருந்தது. எடுத்துப் பார்த்தான்.

"வார்னிஷ்," என்றாள் கற்பகம் நிமிராமல். "தூசி பறக்கக் கூடாதாம். இதைத்தான் பொறுக்கணும். சாயங்காலம் வந்து எல்லாத்தையும் திரும்பக் கலந்து விட்டுட்டுப் போவாங்களாம். காலையில மறுபடி பொறுக்கணும்."

"நெசச் சுக்கு?"

"முதலாளி ஆலுவா பக்கம் சுக்குப் பொறுக்க மெஷின் போட்டாச்சு. இங்க முற்றத்துல மெஷின் வைக்கக் கூடாதுன்னு உன் பேரவைதான் சொல்லிச்சாம். மழைக்கு முன்னால கண்காட்சி முடியும். அதோட நாங்களும் முடிஞ்சோம்."

"நான் அப்படிக் கேக்கலையே அக்கா..."

"நீ என்னத்தக் கேட்டியோ, எனக்கென்ன தெரியும்?"

அதற்குள் மைக் சத்தம் வந்தது. தலைவர் பேச எழுந்தார். "விமர்சனத்தைக் கண்டு பயப்படுகிற நிறுவனங்கள் உண்டு," என்றார். "நாங்கள் விமர்சனத்துக்கு ஏசி அறையே ஒதுக்கியிருக்கிறோம். கொக்கு என்றால் என்ன? பொறுமை! மக்களுக்காக நாங்கள் எத்தனை காலமாக ஒற்றைக் காலில் நிற்கிறோம்! மீன் எங்கே என்று எங்களுக்குத் தெரிவது போல வேறு யாருக்குத் தெரியும்? மீனைப் பற்றி இவ்வளவு அக்கறையாக யோசிக்கிற பறவை உலகத்தில் வேறு உண்டா?" கூட்டம் ஆர்ப்பரித்தது. "இந்தப் பெண்களை இங்கிருந்து வெளியேற்றப் போகிறோம் என்று சிலர் கிளப்பிவிட்டார்கள். பாருங்கள், உட்கார்ந்திருக்கிறார்கள்! இதற்கு முன் அவர்களை யாராவது பார்த்தார்களா? இப்போது டிக்கெட் வாங்கிப் பார்க்கிறார்கள்!"

கைதட்டல் அடங்குவதற்குள் கற்பகம் எழுந்துவிட்டாள். கயிற்றைத் தூக்கிக் குனிந்து வெளியே வந்து, விமர்சன அறைக்குள் போனாள். மாரி பின்னாலேயே ஓடினான். உள்ளே சுவர் முழுக்க அந்தப் படம். ஏசிக் காற்று சில்லென்று அடித்தது.

கற்பகம் தலையை அண்ணாந்து மெதுவாகப் பார்த்தாள். "இது தலைவர். மூக்கு அப்படியே இருக்கு. இது அந்தக் கண்ணாடிக்காரர். இது அந்தப் பொண்ணு. இந்த யானை யாரு, கார் கொண்டாந்து வாசலை அடைச்சு நிறுத்துவாரே அவரா? நல்லாத்தான் செஞ்சிருக்க. ஒவ்வொருத்தனும் உசிரோட நிக்கான்." பிறகு, "நாங்க எங்கலே?" என்றாள்.

"கீழ, அந்த மீனுங்கதான் அக்கா. தட்டுல இருக்கே."

அவள் குனிந்தாள். கண்ணாடி இல்லாமல் பொடிசாக இருக்கிறது எதுவும் தெரியாது, அதனால் மூக்கு தாளில் இடிக்கிற மாதிரி வைத்துப் பார்த்தாள். ஒரு மீனைப் பார்த்தாள், அடுத்ததைப் பார்த்தாள், அதற்கடுத்ததைப் பார்த்தாள்.

"எல்லாம் ஒரே மீனு."

யானைக்கும் பாம்புக்கும் இடம் விட்டதில் மீன்களுக்குப் பலகையில் இடம் போதவில்லை. நேரமும் போதவில்லை. கட்டை விரல் அளவுக்குத் தனியாக ஒரு மீனைச் செதுக்கி, அதிலேயே மை தொட்டுத் தொட்டுத் தாளில் வரிசையாகக் குத்திவிட்டான். ரப்பர் ஸ்டாம்ப் குத்துகிற மாதிரி.

"கண்ணுகூட வைக்கலையேடா," என்றாள் கற்பகம்.

"செத்த மீன்தானே அக்கா, அதான்..."

"நாங்க சாகலையே மாரி."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். எல்லாப் பயலையும் உட்கார வைத்து அவன் மூக்கையும் முழியையும் பார்த்துப் பார்த்துச் செதுக்கினோம், சொந்த அக்காவை ஒரு தடவை எதிரில் உட்கார வைத்துப் பார்க்கவில்லையே என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது. அந்தக் கட்டடத்தில் வெட்கப்பட்ட ஒரே ஆள் அவன்தான்.

"அக்கா, இதைக் கிழிச்சுப் போட்டுடவா?" என்றான்.

"கிழிச்சா அதையும் பிரேம் போட்டு மாட்டுவானுங்க," என்றாள் கற்பகம்.

கதவு திறந்தது. தலைவர், செயலாளர், பத்திரிகைக்காரர்கள் என்று ஒரு கும்பல் உள்ளே வந்தது. முன்னால் அம்ருதா. "சேச்சி, கொஞ்சம் மாறி நில்லுங்க, சார் போட்டோ எடுக்கணும்," என்றாள். கற்பகம் மாறி நின்றாள். "சேச்சி உங்க இடத்துக்குப் போங்க, அங்க ஆளுங்க பாக்க வந்துட்டாங்க," என்றாள் அம்ருதா மறுபடியும். கற்பகம் தம்பியை ஒரு தடவை பார்த்தாள். அன்றைய கூலி மாலையில்தான் தருவார்கள். முந்தானையைச் சரிசெய்துகொண்டு முற்றத்துக்குப் போய்விட்டாள்.

"சார், அந்தக் கொக்கு மாதிரியே போஸ் குடுங்க சார்," என்றான் ஒரு போட்டோகிராபர்.

தலைவருக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? பொன்னாடையை இழுத்துவிட்டுக்கொண்டு, வேட்டியை மடித்துக் கட்டி, ஒரு காலைத் தூக்கினார். உடம்பு ஆடியது. விழப்போகிறார் என்று எல்லோரும் பதறினார்கள். சட்டென்று கையை நீட்டிப் பக்கத்தில் நின்ற மாரியின் தோளைப் பிடித்துக்கொண்டார். கனமான மனுஷர். ஒரு அடி விலகினால் போதும், அத்தனை காமிராவுக்கும் முன்னால் தலைவர் குப்புற விழுவார்.

"ஒரு நிமிஷம் அசையாம நில்லு மாரி," என்றார் வெங்கிடேஸ்வரன்.

மாரி அசையாமல் நின்றான்.